பாட்டில் நுரையீரலில் பலூன் உப்பவில்லையா?

வணக்கம். மகளின் பள்ளிச் செயல்திட்டத்துக்குச் செய்த பாட்டில் நுரையீரலில் (அடி வெட்டிய பாட்டிலுக்குள் ஸ்ட்ராவில் கட்டிய பலூன்தான் நுரையீரல்), அடியில் கட்டிய ரப்பரை இழுத்தும் உள்ளே பலூன் அசையவே இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் கசிவுதான். ஸ்ட்ராவை விரலால் மூடிக்கொண்டு ரப்பரை இழுத்துச் சில விநாடி பிடியுங்கள். விட்டதும் ரப்பர் வெளிப்பக்கம் புடைத்து நின்றால், எங்கோ காற்று புகுந்துவிட்டது. மூடித் துளையைச் சுற்றி எம்சீல் வைத்து, நன்றாகக் காயவிடுங்கள்.

கசிவே இல்லையா? சரி, பாட்டிலைப் பாருங்கள். மெல்லிய தண்ணீர் பாட்டில் என்றால் பலூன் உப்புவதற்குப் பதில் சுவர்தான் உள்ளே ஒடுங்கும். கெட்டியான பாட்டில் வேண்டும். புதுப் பலூனை இரண்டு மூன்று முறை ஊதித் தளர்த்திவிட்டு மாட்டுங்கள்.

மகளிடம் கேள்வி கேட்பார்கள். "காற்று போய் நுரையீரலை விரிக்கிறது" என்று சொல்லிவிடப் போகிறாள், அது தலைகீழ். உதரவிதானம் (மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள தசை; பாட்டிலில் அந்த ரப்பர்) சுருங்கிக் கீழே இறங்குகிறது, விலா எலும்புகள் மேலெழுகின்றன. மார்பறை பெரிதாகி நுரையீரலும் விரிய, உள்ளழுத்தம் வெளியழுத்தத்தைவிடக் குறைகிறது. அதனால்தான் காற்று நுழைகிறது. வெளியே அழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம் (இது அழுத்தத்தின் அலகு) என்றால் உள்ளே ஏறக்குறைய 759. அந்த ஒரு மில்லிமீட்டர் வித்தியாசமே சாதாரண மூச்சில் அரை லிட்டர் காற்றை உள்ளே கொண்டுவருகிறது!

அப்புறம், பாட்டில் சுவர் விலா எலும்பு போல அசையாது. இந்தக் குறையை அவளே சொல்லிவிட்டால் ஆசிரியருக்குப் பிடிக்கும்.