பெரியவன் சமத்து, சின்னவன் சொத்தையா?

கேள்வி: எனக்கு அச்சு அசலாக இரட்டைப் பையன்கள், பதினோராம் வகுப்பு படிக்கிறார்கள். பெரியவன் பொறுப்பானவன். சின்னவன் சோம்பேறி, பொய்யும் சொல்கிறான். போன மாதம் ரேங்க் கார்டில் அப்பா கையெழுத்தைத் தானே போட்டுவிட்டான். "ஒரே காம்பில் காய்த்ததுதான், ஒண்ணு சொத்தை" என்கிறார் என் மாமியார். என் கணவரோ, ஒரே மரபணு, ஒரே சோறு, ஒரே ஸ்கூல், இதில் ஒருத்தன் உசத்தி ஒருத்தன் மட்டம் என்று சொல்லவே முடியாது, எல்லாம் விதி என்கிறார். யார் சொல்வது சரி?
(ஒரு வாசகி, தஞ்சாவூர்)

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை. மாமியார் சொல்வது கொஞ்சம் கூடுதலாகவே சரியில்லை. அதை அவரிடம் எப்படிச் சொல்வீர்களோ, உங்கள் பாடு.

அதற்கு முன்னால் ஒன்று. பெரியவன், சின்னவன் என்கிறீர்களே, எத்தனை நிமிஷ வித்தியாசம்? சிசேரியன் என்றால் டாக்டர் கைக்கு முதலில் அகப்பட்டவன் அண்ணன், அவ்வளவுதான். நைஜீரியாவின் யொருபா மக்களிடம் கணக்கே வேறு. முதலில் வெளியே வருவதுதான் இளையது, 'உலகம் எப்படி இருக்கிறது, போய்ப் பார்' என்று மூத்தது அனுப்பிவைத்த ஆள் அது. அங்கே பிறந்திருந்தால் உங்கள் சின்னவன்தான் அண்ணன், பொறுப்பும் அவன் தலையில் விழுந்திருக்கும்.

சரி, உங்கள் கணவருக்கு வருவோம். ஒரே வீடு, ஒரே சோறு என்கிறார். சாங், எங் இருவரைவிடவா? 1811-ல் சயாமில், இன்றைய தாய்லாந்தில், நெஞ்சுப் பக்கம் ஒட்டியே பிறந்தவர்கள். ஊர் ஊராகத் தங்களையே காட்சிக்கு வைத்துச் சம்பாதித்து, அமெரிக்காவில் வட கரோலினாவில் நிலம் வாங்கி, 1843-ல் ஒரே வீட்டு அக்கா தங்கையை ஆளுக்கொருவராகக் கட்டிக்கொண்டு, இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து 21 பிள்ளைகள். (அடிமைகளையும் வைத்திருந்தார்கள். அந்தப் பாவத்தில் இரண்டு பேருக்கும் சம பங்கு.) ஓரகத்திகளாகிவிட்ட அக்காவுக்கும் தங்கைக்கும் ஒத்துப்போகாததால் இரண்டு வீடு கட்டி, மூன்று நாள் இங்கே, மூன்று நாள் அங்கே என்று வாழ்ந்தார்கள், எவர் வீட்டில் இருக்கிறார்களோ அங்கே அவர் வைத்ததுதான் சட்டம். இதில் சாங் நன்றாகக் குடிப்பார், எங் குடிக்க மாட்டார். இறந்தபின் அறுத்துப் பார்த்தபோது இருவர் கல்லீரலும் இணைந்திருந்தது தெரிந்தது. உடம்பு இவ்வளவு ஒட்டியிருந்தும் குடிகாரர் யார் என்பதில் ஊரில் ஒருவருக்கும் குழப்பம் வந்ததில்லை. 1870-ல் சாங்குக்குப் பக்கவாதம் வந்தது, குடி இன்னும் கூடியது. 1874-ல் ஒரு ஜனவரி இரவில் அவர் இறந்தார், சில மணி நேரத்தில் மற்றவரும் போய்ச் சேர்ந்தார். பக்கவாதக் கதை தெரிந்தபின் சாங்கை மட்டமான ஆள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் குடித்தது அவர்தான், எங் இல்லை, அதைச் சொல்ல ஒரு தயக்கமும் இல்லை.

கோர்ட்டும் இதையேதான் கேட்கிறது. 2003-ல் கோலாலம்பூரில் 166 கிலோ கஞ்சா பிடிபட்ட வழக்கில் இரண்டு பேர் கைதானார்கள், இந்திய வம்சாவளி இரட்டைச் சகோதரர்கள். குற்றம் நிரூபணமானால் தூக்கு. டி.என்.ஏ. இருவருக்கும் ஒன்று. முதலில் காரில் வந்து மாட்டியவன் எவன், பின்னால் வந்தவன் எவன் என்று அரசுத் தரப்பால் காட்ட முடியவில்லை. 2009 பிப்ரவரியில் இருவரையும் விட்டுவிட்டார்கள். 'மரபணு ஒன்றுதானே, யாரைத் தொங்கவிட்டால் என்ன' என்று எந்த நீதிபதியும் எழுத முடியாது இல்லையா? உங்கள் கணவர் வாதத்தை நீட்டினால் அங்கேதான் போய் நிற்கும்.

இனி மாமியார். மரபணு ஒன்று என்பதே முழுக் கதை இல்லை. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்களில் பெரும்பாலோர் ஒரே நஞ்சுக்கொடியைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள், பங்கு பல நேரம் சமமாக இருப்பதில்லை. அதனால் ஒன்று எடை கூடியும் ஒன்று நோஞ்சானாகவும் பிறக்கும். கைரேகைகூட வேறு வேறுதான். அப்புறம் வீட்டுக்கு வருகிறார்கள். யார் யாரென்று தெரியாமல் எல்லோரும் முழிக்கிறோம், ஒன்றின் கையில் கறுப்புக் கயிறு கட்டுகிறோம், மற்றதற்குச் சிவப்பு. கயிறு அறுந்தபின் வேறு அடையாளம் வேண்டும். ஒருத்தன் கொஞ்சம் கூடுதலாக அழுதான், அவன் 'முரடன்'. மற்றவன் சீக்கிரம் தூங்கினான், அவன் 'சமத்து'. இரட்டையர் இருக்கும் வீடுகளில் நல்லவன், கெட்டவன் என்பதெல்லாம் பெரும்பாலும் கறுப்புக் கயிறு, சிவப்புக் கயிறுதான், பதினாறு வயசு வரை அவிழ்க்க மறந்துவிட்டோம். பையனும் அந்தக் கயிற்றுக்கு ஏற்றபடி நடக்கப் பழகிக்கொள்கிறான், அண்ணன் இடம் ஏற்கெனவே நிரம்பிவிட்டதே, அவன் வேறு எங்கே போவான்?

ஒப்பிடவே கூடாதா என்றால், ஒப்பிடலாம், எதில் என்று சொல்லிவிட்டு. 1887-ல் கர்நூலில் பிறந்த ஆற்காடு இரட்டையரை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரே அச்சு. ஆற்காடு ராமசாமி முதலியார் சட்டம் படித்து அரசியலுக்குப் போய், 1946-ல் ஐ.நா. பொருளாதார சமூக மன்றத்தின் முதல் தலைவராக உட்கார்ந்தார், பிறகு மைசூர் திவானும் ஆனார். லட்சுமணசாமி முதலியார் பிரசவ மருத்துவர், சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 27 வருஷம் துணைவேந்தர். பிரசவம் பார்க்க இவர், ஐ.நா.வில் பேச அவர் என்று தயங்காமல் சொல்லலாம். மொத்தத்தில் யார் உசத்தி என்று கேட்டால் கேட்டவரைத்தான் ஒரு மாதிரி பார்ப்போம்.

உங்கள் கடிதத்தில் பெரியவனைப் பற்றி 'பொறுப்பானவன்' என்ற ஒரு சொல் இருக்கிறது, அவன் செய்த காரியம் என்று ஒன்றும் இல்லை. சின்னவன் செய்ததாக இருப்பது அந்தக் கையெழுத்து ஒன்றுதான். அது தப்பு, கூப்பிட்டு நன்றாகத் திட்டுங்கள், திட்டும்போது அண்ணன் பெயரை மட்டும் எடுக்காதீர்கள். திட்டி முடித்ததும், நேரம் இருந்தால், பெரியவனுடைய ரேங்க் கார்டையும் ஒரு தடவை எடுத்து, அதில் இருக்கும் கையெழுத்து உங்கள் கணவர் போட்டதுதானா என்று பாருங்கள்.