கம்பு சுற்றும்போது உடம்பைத் தளர்த்தினால் பலம் எங்கிருந்து வரும்?

மயிலாடுதுறைப் பக்கம் சிலம்பம் கற்கிறீர்கள். "இறுக்காதே, தளர விடு, உள்சக்தி தானா வரும்" என்கிறார் ஆசான். தளர்ந்தால் அடி எப்படி விழும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

சரி, முதலில் தசைக் கணக்கு. முழங்கையை நீட்டுவது மேற்கையின் பின்பக்கத் தசை, மடக்குவது முன்பக்கத் தசை. வேகமாக அடிக்கிறேன் என்று கையை முழுக்க இறுக்கினால் இரண்டும் ஒரே நேரத்தில் இழுக்கும். உங்கள் பலமே உங்களுக்கு எதிராகப் போகும். தளர்த்துவது என்றால் தொளதொளவென்று நிற்பதில்லை. வேண்டாத தசையை விடுவது. பிடி இறுக வேண்டியது அடி விழும் கணத்தில்தான்.

அப்புறம், பலம் பெரும்பாலும் கையில் பிறப்பதில்லை. பாதம் தரையைத் தள்ளுவது இடுப்பு, தோள் வழியாகக் கம்பு நுனிக்கு ஏறுகிறது. தோளைக் காதுவரை தூக்கினால் நடுவிலேயே நின்றுவிடும். மேட்டூர் திறந்து தண்ணீர் வருவதற்குள் காவிரி மணலில் இறங்கிச் சுற்றிப் பாருங்கள். குதிகால் புதைந்து நழுவும். கை பலத்தை மட்டும் நம்பி அடிப்பவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. காலிலிருந்து அடிப்பவருக்கு உடனே உறைக்கும்.

மூச்சை நீளமாக வெளிவிட்டால் இதயத்துடிப்பு இறங்கும், பதற்றமும் குறையும். தாய் சி என்ற சீனத் தற்காப்புக் கலையிலும் இதே பாடம்தான். உள்சக்தியைத் தனியொரு பொருளாக யாரும் அளந்து காட்டியதில்லை. ஆனால் இதையெல்லாம் ஒரே சொல்லில் நினைவூட்ட ஆசானுக்கு அது உதவுகிறது. தொடாமலே ஆளைச் சாய்ப்பேன் என்பவரிடம் மட்டும் பணம் கட்டாதீர்கள்!

இன்று ஒற்றைக் கையால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே நடுவில் நிறுத்தி, மறு கையால் முன்கையைத் தொட்டுப் பாருங்கள். கல்லாக இருந்தால் பிடி அதிகம்.