தோளில் ஒரு துப்பாக்கி

அன்புள்ள எழுத்தாளருக்கு,

நீங்கள் எழுதியிருந்ததை நம்பி 'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோடு' பார்த்தேன். ஒரு லாரியைத் துரத்துகிறார்கள். அப்புறம் அதே லாரியை வந்த வழியே மறுபடியும் துரத்துகிறார்கள். இதில் கதை எங்கே இருக்கிறது? நாயகன் கால்வாசிப் படம் முகத்தில் இரும்பை மாட்டிக்கொண்டு இருக்கிறான். கழற்றிய பிறகும் பேச்சைக் காணோம்.

ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். உலகமே அழிந்து கிடக்கிறது, நான் வண்டிகள் கவிழ்வதை ரசித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கே கூச்சமாகப் போய்விட்டது. அன்று இரவு பல் துலக்கும்போது என்னை அறியாமல் குழாயை மூடிவிட்டுத் துலக்கினேன். அவ்வளவுதான் இந்தப் படம் எனக்குத் தந்தது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

குழாயைப் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். கதையே இல்லாத படம் எதற்காக உங்கள் குழாயை மூட வேண்டும்?

முதல் முறை பார்த்தபோது எனக்கும் உங்கள் எரிச்சல்தான். யார் எவர் என்று பிடிபடுவதற்குள் அரைமணி நேரம் ஓடிவிட்டது. நெருப்பு கக்கும் கிதாரோடு ஒருவன் வண்டியின் முன்னால் தொங்கிக்கொண்டு வாசிக்கிறானே, இவனுக்கு இங்கே என்ன வேலை என்று நினைத்தேன். படைக்கு முன்னால் முரசு கொட்டுகிறவன் அவன் என்பது இரண்டாவது முறைதான் உறைத்தது. இத்தனைக்கும் அவன் வண்டியின் பின்பக்கம் முரசுகளே இருக்கின்றன!

நீங்கள் கேட்ட கதைக்கு ஒரு காட்சி சொல்கிறேன். இரவு. லாரி சேற்றில் மாட்டிக்கொள்கிறது. பின்னால் சர்ச்லைட் போட்டுக்கொண்டு எதிரியின் வண்டி வருகிறது. நீளத் துப்பாக்கியில் இருப்பதோ விரல்விட்டு எண்ணுகிற குண்டுகள். நாயகன் மேக்ஸ் சுடுகிறான், தவறுகிறது. மறுபடியும் தவறுகிறது. இனி ஒன்றுதான் மிச்சம். லாரியை ஓட்டிவந்த ஃப்யூரியோசா அவன் பின்னால் வந்து உட்காருகிறாள். அவன் ஒன்றும் சொல்லாமல் துப்பாக்கியை அவளிடம் கொடுக்கிறான். அவள் அதை அவன் தோளிலேயே தாங்கி வைத்து, மூச்சு விடாதே என்கிறாள். சுடுகிறாள். விளக்கு சிதறுகிறது. கொஞ்ச நேரம் முன்பு மணலில் புரண்டு ஒருவரையொருவர் கொல்லப் பார்த்தவர்கள் இவர்கள். எப்படி நம்பினார்கள் என்று நாலு பக்கம் வசனம் எழுதியிருக்கலாம். இங்கே ஒரு கை நீட்டலில் முடிந்துவிட்டது. படம் முழுக்க இப்படித்தான், பொருள்கள் கை மாறுகிற இடங்களில் கதை நகர்கிறது. வசனத்தில் தேடினால் கிடைக்காது.

கண்ணை எடுக்க முடியாததற்குக் காரணம் தொழில்நுட்பத்தில் இருக்கிறது. நாம் பார்க்க வேண்டியதைச் சட்டகத்தின் நடுவிலேயே வைக்கச் சொன்னார் இயக்குநர் ஜார்ஜ் மில்லர். ஷாட்டுகள் படபடவென்று மாறினாலும் நம் கண் ஓடித் தேட வேண்டியதில்லை. ஏறக்குறைய 480 மணி நேரக் காட்சிகளை வெட்டி 2 மணி நேரப் படமாக்கியவர் அவருடைய மனைவி மார்கரெட் சிக்செல். படம் வாங்கிய ஆறு ஆஸ்கர்களில் படத்தொகுப்புக்கானது அவருடையது.

ரசித்ததற்குக் கூச்சப்பட்டதாகச் சொன்னீர்கள். வேண்டாம் என்று நான் சொல்லப்போவதில்லை, கொஞ்சம் இருக்கட்டும். மில்லர் சினிமாவுக்கு வருமுன் சிட்னியில் மருத்துவர், அவசர சிகிச்சைப் பிரிவில் சாலை விபத்தில் அடிபட்டு வந்தவர்களைப் பார்த்தவர். 1979இல் வந்த முதல் 'மேட் மேக்ஸ்' எடுத்தபோதும் அந்த அனுபவம் கூடவே இருந்தது. இந்தப் படத்தில் வண்டிகளை நிஜமாகவே கட்டி, நிஜமாகவே ஓட்டி, நிஜமாகவே நொறுக்கினார்கள். நீங்கள் ரசித்ததில் எடை இருந்தது. அதனால்தான் உறுத்தவும் செய்தது.

படமெடுக்க முதலில் நினைத்திருந்த இடம் ஆஸ்திரேலியாவின் ப்ரோக்கன் ஹில். அங்கே மழை கொட்டி, வறண்ட நிலமெல்லாம் பூத்துவிட்டது. பாலைவனம் கிடைக்காமல் நமீபியாவுக்குப் போனார்கள். அந்த மழையை யாராவது திட்டியிருப்பார்களா என்று எனக்கு ஓர் அற்ப ஆசை, தெரிந்துகொள்ள.

குறையே இல்லையா என்றால், மேக்ஸின் கண்முன் அடிக்கடி வந்துபோகும் அந்தச் சிறுமியின் உருவம் எனக்கு ஒட்டவே இல்லை. சோகத்தை ஊசி போட்டு ஏற்றுவது போல இருக்கிறது.

தண்ணீருக்கு வருவோம். உயரத்திலிருந்து குழாயைத் திறக்கிறான் சர்வாதிகாரி. கீழே பாத்திரங்களோடு முட்டி மோதுகிறார்கள், பாதி மண்ணில் போகிறது. உடனே மூடிவிட்டு, தண்ணீருக்கு அடிமையாகாதீர்கள் என்று உபதேசம் வேறு. தண்ணீர் இல்லாத உலகம் என்றுதான் இந்த வகைப் படங்கள் வழக்கமாகச் சொல்லும். இதில் தண்ணீர் இருக்கிறது, நிறையவே. குழாய் ஒருவன் கையில் இருக்கிறது, அதுதான் சிக்கல். உங்கள் பாத்ரூம் வரை வந்தது அந்தக் காட்சிதான் என்று நினைக்கிறேன்.

வந்த வழியே மறுபடியும் துரத்துகிறார்கள் என்றீர்களே, அவர்கள் ஏன் திரும்பினார்கள்? ஃப்யூரியோசா தேடிப் போன பசுமை நிலத்தை அவர்கள் ஏற்கெனவே கடந்து வந்துவிட்டார்கள். தண்ணீர் நஞ்சாகி, காக்கைகள் அலைந்த அந்தச் சேறுதான் அது. அங்கிருந்து வந்த கிழவிகள் அதைச் சொன்னதும் அவள் தன் இரும்புக் கையைக் கழற்றிப் போட்டுவிட்டு மணலில் மண்டியிடுகிறாள். இதைத் தெரிந்துகொண்டு அந்த இரவுக் காட்சியை இன்னொரு தடவை பாருங்கள், கிடைத்தால் கறுப்புவெள்ளைப் பதிப்பில். மில்லருக்கு மிகப் பிடித்ததும் அதுதான். (அந்த இரவையே பகலில் எடுத்து, பிறகு நீலமாக்கி இருட்டாக்கினார்கள்.) லாரியை வெளியே இழுக்க, தூரத்தில் தனியாக நிற்கிற ஒன்றைக் காட்டி, அதில் கம்பியைக் கட்டலாம் என்கிறான் நக்ஸ் என்ற அந்த வெளுத்த பையன். அதற்கு என்ன பெயர் என்று அவனுக்குத் தெரியாது. மரம் என்று பக்கத்தில் இருப்பவர்கள் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.