நவீன கால்பந்தில் ஹை பிரெஸ்ஸிங்குக்கு, அதாவது எதிரணியை அதன் கோல் பக்கத்திலேயே நெருக்கிப் பந்தைப் பறிக்கப் பார்ப்பதற்கு, உண்மையில் என்ன மதிப்பு? கோல் அடிக்க வேண்டிய ஸ்ட்ரைக்கரை எதிரணி கோல்கீப்பர் வரை துரத்த விடுவது வீண் ஓட்டம் இல்லையா? ஆட்கள் களைத்துப்போய், அவர் அடிக்கும் கோலும் குறைந்துவிடாதா?

வீண் ஓட்டம் இல்லை. ஆனால் அணி மொத்தமும் சேர்ந்து செய்ய வேண்டும். அப்படிச் செய்யும் அணியிடம் இருப்பதைவிடப் பெரிய ஆயுதம் இன்றைய கால்பந்தில் இல்லை என்பது என் உறுதியான கருத்து. பாதிப் பேர் ஓடி, பாதிப் பேர் வேடிக்கை பார்த்தால், நீங்கள் கேட்டது சரி: அது வீண் ஓட்டம் மட்டுமல்ல, ஆபத்தும்கூட.

இதற்கு பாரிஸின் பிஎஸ்ஜி அணியை விட நல்ல உதாரணம் கிடைக்காது. ஒரே கிளப், மூன்றே வருட இடைவெளியில், இரண்டு எதிர்முனைகளையும் காட்டிவிட்டது.

2022 மார்ச் 9, மாட்ரிட். ஐரோப்பிய கிளப்புகளின் முதன்மைத் தொடரான சாம்பியன்ஸ் லீகில் ரவுண்ட் ஆஃப் 16, இரண்டாவது ஆட்டம். மெஸ்ஸி, நெய்மார், எம்பாப்பே மூவரும் களத்தில். இரு ஆட்டங்களையும் சேர்த்து 2-0 என்று பிஎஸ்ஜி முன்னிலை. 61-வது நிமிடத்தில் பந்து கோல்கீப்பர் டோனருமாவிடம் போகிறது. ரியல் மாட்ரிடின் பென்சிமா விடாமல் அவர் மேல் பாய்கிறார். டோனருமா ஒரு கணம் தாமதிக்கிறார், பந்து சிதறி வினிசியஸ் காலுக்குப் போகிறது, வினிசியஸ் பென்சிமாவுக்குத் தருகிறார், கோல். அது ஃபவுல் என்று பிஎஸ்ஜி தரப்பு கொதித்தது. அடுத்த 17 நிமிடங்களுக்குள் பென்சிமா இன்னும் இரண்டு கோல் போட்டு பிஎஸ்ஜியை வெளியே அனுப்பிவிட்டார். இத்தனைக்கும் பயிற்சியாளர் அன்செலோட்டியின் அந்த ரியல் மாட்ரிட் 90 நிமிடமும் பிரெஸ் செய்யும் அணியே இல்லை. சரியான ஒரு கணத்தில், ஒரு ஸ்ட்ரைக்கர், நீங்கள் 'வீண்' என்று சந்தேகப்படும் அதே ஓட்டத்தை ஓடினார். ஒரு சீசனே புரண்டது.

பிஎஸ்ஜியின் பக்கத்திலிருந்து பார்த்தால் நோய் வேறு. பந்து போனதும் முன்னால் மூன்று பேர் அங்கேயே நின்றுவிடுவார்கள். எதிரணியின் சென்டர் பேக் (நடுவில் ஆடும் தடுப்பு வீரர்) தலை நிமிர்ந்து, நிதானமாக, யாருக்குப் பாஸ் கொடுக்கலாம் என்று பார்த்துக் கொடுப்பார். பின்னால் இருக்கும் ஏழு பேர்தான் மொத்த மைதானத்தையும் காவல் காக்க வேண்டும். எவ்வளவு பெரிய மேதைகளாக இருந்தாலும், மூன்று பேர் விலகி நின்றால் கணக்கு உதைக்கும்.

இப்போது 2025 மே 31, மியூனிக், அதே சாம்பியன்ஸ் லீகின் இறுதிப் போட்டி. அந்த மூவரும் கிளப்பில் இல்லை. பயிற்சியாளர் லூயிஸ் என்ரிக்கே. எதிரே இன்டர் மிலான். இன்டரின் கோல்கீப்பர் சோமர் பந்தை வைத்துக்கொண்டு கோல் கிக் (கோலருகிலிருந்து ஆட்டத்தை மீண்டும் தொடங்கும் உதை) எடுக்கத் தயாராகிறார். பெனால்டி பாக்ஸின் விளிம்பில் பிஎஸ்ஜியின் முன்கள வீரர் உஸ்மான் டெம்பெலே முழங்காலை மடக்கி, நூறு மீட்டர் ஓட்டத்துக்குக் காத்திருப்பவர்போல் குனிந்து, கண்ணைச் சோமரிடமிருந்து எடுக்காமல் நிற்கிறார். அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சோமர் இடப்பக்கம் பார்த்தால் அந்தப் பாதையில் டெம்பெலே; வலப்பக்கம் பார்த்தால் அங்கே வேறொருவர் தயார். வேறு வழியில்லாமல் நீளமாக உதைத்தால், அதற்காகவே பிஎஸ்ஜியின் தடுப்பு வீரர்கள் மார்கினியோஸும் பாச்சோவும் பின்னால் காத்திருக்கிறார்கள். முடிவு 5-0. போட்டி முடிந்ததும் லூயிஸ் என்ரிக்கே, டெம்பெலே இந்த இறுதிப் போட்டியில் தடுத்து ஆடிய விதத்துக்காகவே அவருக்கு உலகின் சிறந்த வீரருக்கான பாலோன் டோர் விருதைக் கொடுப்பேன் என்ற பொருளில் பேசினார். இறுதிப் போட்டியில் டெம்பெலே ஒரு கோல்கூட அடிக்கவில்லை. செப்டம்பரில் விருது அவருக்கே கிடைத்தது.

அதே டெம்பெலேயை 2024 அக்டோபரில் ஆர்சனல் ஆட்டத்துக்கு லூயிஸ் என்ரிக்கே அழைத்துப்போகவே இல்லை. அணி எதிர்பார்ப்பதைச் செய்யாதவர் ஆடத் தயாரில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். ஆர்சனல் 2-0 என்று ஜெயித்தது, விமர்சனம் குவிந்தது, அவர் அசையவில்லை. பிரெஸ்ஸிங்கின் மதிப்பை ஒரு பயிற்சியாளர் எவ்வளவு உயரத்தில் வைத்திருந்தார் என்பதற்கு இதுவே சாட்சி. முன்கள வீரரை ஓடவிட்டால் கோல் குறையும் என்ற உங்கள் பயத்துக்கும் இங்கேயே பதில் இருக்கிறது: அந்த சீசனில் டெம்பெலே அடித்த கோல்கள் 30-க்கும் மேல்.

சரி, இது எப்படி வேலை செய்கிறது? நமக்குக் கபடி தெரியும் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன். ரைடர் உள்ளே வருகிறார், கார்னரில் இருப்பவர் பாய்ந்து கணுக்காலைப் பிடிக்கிறார். அடுத்த நொடியே கவர் வந்து மேலே விழவில்லை என்றால், ரைடர் பிடித்தவரையும் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டைத் தொட்டுவிடுவார். பிடிக்காமல் நின்றிருந்தால்கூட இழப்பு குறைவாக இருந்திருக்கும். பிரெஸ்ஸிங்கும் இதேதான். முதலில் ஓடுபவர் பந்தைப் பறிப்பதற்காக ஓடுவதில்லை, பெரும்பாலும். எதிராளியின் நல்ல வாய்ப்புகளை அடைத்து, மோசமான ஒன்றை மட்டும் திறந்து வைப்பதற்காக ஓடுகிறார். அந்த மோசமான பாஸ் போய்ச் சேரும் இடத்தில் இரண்டாவது ஆள் காத்திருக்க வேண்டும், மூன்றாவது ஆள் அதற்கும் அடுத்த பாஸை எதிர்பார்த்து நகர்ந்திருக்க வேண்டும்.

பயிற்சியாளர் க்ளாப்பின் லிவர்பூலில் விங்கர்கள் (பக்கவாட்டு முன்கள வீரர்கள்) சலாவும் மானேயும் இதைச் செய்ததை நான் எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது. சென்டர் பேக்கிடம் பந்து வந்ததும் விங்கர் நேராக ஓடமாட்டார். வெளிப்பக்கத்திலிருந்து உள்நோக்கி வளைந்து ஓடுவார். அப்படி ஓடும்போது, அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கும் ஃபுல் பேக்குக்கான (பக்கவாட்டுத் தடுப்பு வீரருக்கான) பாதை அவர் உடம்பாலேயே மறைந்துவிடும். ஒரே ஆள், ஒரே ஓட்டம், இரண்டு பேரைக் கட்டிப்போட்டாயிற்று. சென்டர் பேக்குக்கு மிஞ்சுவது நடுவில் ஒரு பாஸ். நடுவில் ஃபிர்மினோவும் மூன்று மிட்ஃபீல்டர்களும்.

எப்போது ஓடுவது என்பதும் முன்கூட்டியே பேசி வைத்ததுதான். பந்து பின்னால் திரும்பினால், முதல் டச் பிசகினால், கோலுக்கு முதுகு காட்டியபடி ஒருவர் பந்தை வாங்கினால், டச்லைன் ஓரத்தில் ஃபுல் பேக்கிடம் பந்து போய் ஒட்டிக்கொண்டால், அதுதான் சைகை. கோடும் ஒரு தடுப்பு வீரர் மாதிரி வேலை செய்யும். சைகை வராதபோது நல்ல அணிகள் ஓடுவதே இல்லை, வடிவத்தைக் காத்துக்கொண்டு நிற்கும்.

இது புதுக் கண்டுபிடிப்பு என்று நினைப்பவர்களுக்குச் சுருக்கமாக ஒரு வரலாறு. 1960-களில் விக்டர் மாஸ்லோவின் டைனமோ கீவ், 70-களில் ரைனஸ் மிக்கேல்ஸின் டச்சுக்காரர்கள், 80-களின் கடைசியில் அரிகோ சாக்கியின் மிலான் என்று கோடு நீள்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது ஜெர்மன் பயிற்சியாளர் ரால்ஃப் ராங்னிக் சொல்லும் கதை. 1980-களின் முற்பகுதியில் அவர் பாக்னாங் என்ற ஜெர்மனியின் கீழ்மட்ட அணி ஒன்றில் வீரராகவும் பயிற்சியாளராகவும் இருந்தார். பயிற்சியாளர் லோபனோவ்ஸ்கியின் டைனமோ கீவ் அணியோடு ஒரு பயிற்சி ஆட்டம். பந்து வெளியே போன ஒரு தருணத்தில் அவர் நின்று எதிரணியின் தலைகளை எண்ணிப் பார்த்தாராம், பதினொரு பேருக்கு மேல் இறக்கிவிட்டார்களோ என்ற சந்தேகத்தில். எங்கே பந்து போனாலும் அங்கே ஆள் கூடிவிடுகிறது. அந்த ஆட்டத்தில் தோன்றிய எண்ணம்தான் பிறகு அவர் பணியாற்றிய ஹாஃபன்ஹைம், சால்ஸ்பர்க், லைப்சிக் கிளப்புகள் வழியாக இன்றைய ஜெர்மானியப் பயிற்சியாளர்களின் ஒரு தலைமுறைக்கே பாடமாயிற்று.

ஆனாலும் 'நவீன' என்ற சொல்லுக்குக் காரணம் இருக்கிறது. விதி மாறியது. 1992 வரை பின்னால் வந்த பாஸைக் கோல்கீப்பர் கையால் எடுத்துக்கொள்ளலாம். துரத்திப் போனவர் அங்கே முட்டிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். அதைத் தடை செய்த பிறகு, துரத்தலுக்கு முடிவு கோல்கீப்பரின் காலடி வரை நீண்டது. 2019-ல் கோல் கிக் விதியும் மாறி, பெனால்டி பாக்ஸுக்குள்ளேயே சகவீரர் பந்தை வாங்கலாம் என்றானது. எல்லா அணிகளும் பின்னாலிருந்து குட்டிக் குட்டிப் பாஸாகக் கட்டி எழுப்பத் தொடங்கின. கோலுக்குப் பத்துப் பதினைந்து மீட்டர் தூரத்தில் எதிரணி பந்தை உருட்டிக்கொண்டிருக்கும்போது அதைப் பறிக்காமல் நடுக்கோட்டில் நிற்பது எவ்வளவு பெரிய இழப்பு என்று யோசித்துப் பாருங்கள். அங்கே பறித்தால் இரண்டு டச்சில் கோல். நம் கோலருகே பறித்தால் எழுபது மீட்டர் கடக்க வேண்டும்.

2022 உலகக் கோப்பையில் அர்ஜென்டினா - ஆஸ்திரேலியா ஆட்டத்தின் இரண்டாவது கோல் அப்படி வந்ததுதான். பந்து ஆஸ்திரேலிய கோல்கீப்பர் ரையனிடம் திரும்புகிறது, அர்ஜென்டினாவின் டி பால் மூச்சுவிடாமல் துரத்துகிறார், ரையன் அவரை ஏமாற்றித் தாண்டப் பார்க்கிறார், பக்கவாட்டில் வந்த ஹூலியன் அல்வாரெஸ் பந்தைத் தட்டிப் பறித்துத் திரும்பி உள்ளே தள்ளுகிறார். மெஸ்ஸி அந்தத் தொடர் முழுக்கப் பெரும்பாலும் நடந்துகொண்டுதான் இருந்தார். அது தெரிந்தே போட்ட திட்டம். மற்றவர்கள் அவர் பங்கையும் சேர்த்து ஓடினார்கள். ஒருவருக்காகச் சுமக்கலாம், அந்த ஒருவர் மெஸ்ஸியாக இருந்தால். மூன்று பேருக்காகச் சுமக்க எந்த அணியாலும் முடியாது.

இனி, பலரும் பேசாத பகுதி: முதுகுப்புறம். முன்வரிசை ஏறினால் பின்வரிசையும் நடுக்கோடு வரை ஏறியாக வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் பெரிய பள்ளம் விழும். ஏறினால் பின்னால் நாற்பது மீட்டர் வெற்றிடம். அந்த வெற்றிடத்தைக் காப்பது டிஃபெண்டரின் வேகத்தைவிட, பந்து வைத்திருப்பவர் மேல் இருக்கும் நெருக்கடிதான். அவர் தலை நிமிர நேரம் கிடைக்காதவரை, சரியான கணத்தில் நீளமான பாஸ் வராது. 2024 அக்டோபர் 26-ல் ஹன்சி ஃபிளிக்கின் பார்சிலோனா, ரியல் மாட்ரிடின் சொந்த மைதானத்தில் இதைப் பாடமாகவே நடத்தியது: ரியல் 12 முறை ஆஃப்சைடில் (பாஸ் வரும் முன்பே பின்வரிசையைத் தாண்டி நின்ற தவறில்) சிக்கியது, எம்பாப்பே அடித்த கோல்களும் செல்லாமல் போயின, பார்சிலோனா 4-0.

எதிர்முனை, 2023 நவம்பரில் டாட்டன்ஹாம் - செல்சி. இரண்டு பேர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறிய பிறகும் டாட்டன்ஹாம் ஒன்பது பேரோடு பின்வரிசையை நடுக்கோட்டிலேயே வைத்திருந்தது. அந்தத் துணிச்சலை அன்று பலர் பாராட்டினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பந்தின் மேல் நெருக்கடி கொடுக்க ஆளில்லாதபோது உயரமான வரிசைக்கு அர்த்தமே கிடையாது. செல்சி வீரர்கள் நிதானமாகப் பார்த்துப் பார்த்துப் பின்னால் பந்தைப் போட்டார்கள், நிக்கோலஸ் ஜாக்சன் ஹாட்ரிக், 4-1.

புள்ளிவிவரம் பார்ப்பவர்கள் பி.பி.டி.ஏ. என்ற எண்ணைக் காட்டுவார்கள். எதிரணி தன் பக்கத்தில் எத்தனை பாஸ் போட்டது என்பதை, அதே பகுதியில் நாம் செய்த டேக்கிள், இன்டர்செப்ஷன், ஃபவுல் போன்றவற்றால் வகுப்பது. எண் குறைந்தால் பிரெஸ் தீவிரம் என்று அர்த்தம். தீவிரம் என்றுதான் சொல்கிறது, தரம் என்று சொல்லவில்லை. ஃபவுலாகப் பண்ணிக்கொண்டே இருந்தாலும் எண் குறையும். சோமர் கொடுக்க நினைத்துக் கொடுக்காமல் விட்ட பாஸ் எந்தப் பட்டியலிலும் ஏறாது. டெம்பெலேயின் அன்றைய உழைப்பில் பெரும்பகுதி அப்படிப்பட்டது.

எதிர்மருந்தும் வந்துவிட்டது. பயிற்சியாளர் டி செர்பியின் பிரைட்டனில் சென்டர் பேக் டங்க் பந்தின் மேல் பாதத்தை வைத்து அப்படியே நின்றுவிடுவார். வா, வந்து பிடி என்று அழைப்பது அது. யாராவது பொறுமையிழந்து தனியாகப் பாய்ந்தால், அவர் விட்டு வந்த இடத்தின் வழியாகப் பந்து போய்விடும். 2023 ஜனவரியில் லிவர்பூலையே 3-0 என்று பிரைட்டன் தோற்கடித்தது; அந்த சீசனில் 6-வது இடம் பிடித்து முதல்முறையாக ஐரோப்பியப் போட்டிக்குத் தகுதி பெற்றது. எதிரணியின் ஓட்டத்தையே தனக்குச் சாதகமாக்கும் இந்த ஆட்டம் வந்த பிறகு, கண்மூடித்தனமாக ஓடும் அணிகள் பிழைப்பது கஷ்டம்.

களைப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உண்மைதான், களைப்பார்கள். 2020 முதல் ஐந்து மாற்று வீரர்களை இறக்கலாம் என்பது இதற்குப் பெரிய உதவி. ஒரு மணி நேரம் உயிரைக் கொடுத்து ஓடிய முன்வரிசையை மொத்தமாகவே மாற்றிவிடலாம். அதைவிட முக்கியம், பறித்த பந்தை வைத்திருக்கத் தெரிவது. பந்து நம்மிடம் இருக்கும்போதுதான் ஓய்வு. பறித்த மறுகணமே பந்தைத் தொலைக்கும் அணி எழுபதாவது நிமிடத்தில் மூச்சு வாங்கி நிற்கும். பறித்த பிறகு இருபது பாஸ் போடத் தெரிந்த பிஎஸ்ஜி 86-வது நிமிடத்தில் ஐந்தாவது கோலைப் போட்டது.

அடுத்து நீங்கள் பார்க்கும் ஆட்டத்தில் கோல் கிக் எடுக்கும் நேரத்தைத் தவற விடாதீர்கள். டிவி கேமரா பெரும்பாலும் பந்தையே துரத்துவதால் பிரெஸ்ஸிங்கின் பாதி நமக்குத் தெரிவதில்லை. கோல் கிக்கின்போது மட்டும் எல்லோரும் தத்தம் இடத்தில் நிற்பார்கள், படமும் கொஞ்சம் விரியும். பந்தை விட்டுவிட்டு, முன்னால் ஓடுபவருக்கு இரண்டு வரிசை பின்னால் நிற்கும் மிட்ஃபீல்டரைப் பாருங்கள். அவரும் அதே கணத்தில் முன்னேறினால் அந்த அணிக்குப் பிரெஸ் செய்யத் தெரியும். அவர் நின்ற இடத்திலேயே நின்றால், முன்னால் ஓடுகிற ஸ்ட்ரைக்கரைப் பற்றி நீங்கள் கேட்ட கேள்வி அந்த அணிக்குப் பொருந்தும்.