மாரடைப்புக்குப் பிறகு ஹார்மோன் ஊசி போடலாமா?

கேள்வி: எனக்கு 52 வயது. கோத்தகிரி அருகே சொந்தத் தேயிலைத் தோட்டம். மூன்று மாதம் முன்பு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது மேடு ஏறினால் கால் துவள்கிறது. தாம்பத்தியத்தில் நாட்டமில்லை, தொப்பை மட்டும் போடுகிறது. அட்மிட் ஆகியிருந்தபோது எடுத்த டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) அளவு 210, குறைவு என்றார்கள். ஊசி போட்டால் பழைய தெம்பு வரும் என்கிறார் நண்பர். போடலாமா?

பதில்: இப்போது வேண்டாம். முதலில் அந்த 210-ஐ மறந்துவிடுங்கள். மாரடைப்போ பெரிய ஆபரேஷனோ, உடம்புக்குப் பலத்த அடி விழுந்தால் இந்த ஹார்மோன் சில காலம் இறங்கிவிடும். ஐசியூவில் படுக்க வேண்டி வந்திருந்தால் உங்கள் நண்பருக்கும் குறைவாகத்தான் காட்டியிருக்கும்.

அவர் சொல்வதிலும் விஷயம் இல்லாமல் இல்லை. டெஸ்டோஸ்டிரோன் தசையைக் கட்டும் ஹார்மோன். சாப்பிட்டதும் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தசைதான். ஹார்மோன் குறைந்தால் தசை கரையும், வயிற்றில் கொழுப்பு சேரும், இன்சுலின் சரியாக வேலை செய்யாது. அந்தக் கொழுப்போ, இருக்கிற டெஸ்டோஸ்டிரோனையும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனாக மாற்றும். தொப்பை குறைந்தால் ஊசி இல்லாமலே அளவு ஓரளவு ஏறுவது இதனால்தான்.

ஊசியின் மறுபக்கம்: அது ரத்தத்தைக் கெட்டியாக்கக்கூடும். 2023இல் வெளியான டிராவர்ஸ் ஆய்வில், ஹார்மோன் குறைவும் இதய ஆபத்தும் உள்ள 5,000க்கும் மேற்பட்ட ஆண்களில் பாதிப் பேருக்கு டெஸ்டோஸ்டிரோன் ஜெல் கொடுத்தார்கள். மாரடைப்பு கூடவில்லை, ஆனால் இதயத் துடிப்புக் கோளாறும் நுரையீரலில் ரத்தக்கட்டியும் சற்று அதிகம். மாரடைப்பு வந்து ஆறு மாதம் ஆகும்வரை தொடங்கக் கூடாது என்பதே வழிகாட்டுதல். அதற்குப் பிறகும் சந்தேகம் இருந்தால், காலை 10 மணிக்குள், வெறும் வயிற்றில், இரண்டு வேறு நாட்களில் ரத்தம் கொடுத்துப் பாருங்கள்.

கால் துவள்வதற்குத் தனியாகக் காரணம் தேட வேண்டும். எக்கோ (இதய ஸ்கேன்), ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை பாருங்கள். மாரடைப்புக்குப் பிறகு கொடுக்கும், இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையும் சிலரைச் சோர்வாக்கும். டாக்டரிடம் கேட்டு அளவை மாற்றலாம், நீங்களாக நிறுத்தாதீர்கள். மூச்சுத்திணறலோ கால் வீக்கமோ இருந்தால் உடனே போங்கள்.

நடையை விடியற்காலைப் பனியில் வைத்துக்கொள்ளாதீர்கள், குளிரில் ரத்தக்குழாய் சுருங்கும். வெயில் ஏறியதும் சமதளமான ரோட்டில், பேசிக்கொண்டே போகிற வேகத்தில் நடந்தால் போதும். இலை மூட்டையைத் தூக்குவது டாக்டர் சரி என்ற பிறகுதான்.

தாம்பத்தியம் பற்றிக் கூச்சப்படாமல் எழுதியது நல்லது. மாரடைப்புக்குப் பிறகு வரும் பயமும் மனச்சோர்வுமே பலருக்கு நாட்டத்தைக் குறைக்கும்; அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வயாகரா வகை மாத்திரை வாங்குவது. நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட்டும் அதுவும் சேர்ந்தால், பிரஷர் இறங்கி உயிருக்கே ஆபத்தாகும்.