களப்பணியைக் கேட்டுவிட்டுக் கல்லூரியில் சேருங்கள்

கேள்வி: பி.காம். முடித்திருக்கிறேன். என்.எஸ்.எஸ். முகாம்களுக்குப் போனதிலிருந்து எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுநிலைப் பட்டம்) படிக்க ஆசை. “சேவை செய்ய எதற்குப் பட்டம்? பேசாமல் எம்.காம். சேர்” என்கிறார் அப்பா. பி.காம். படித்தவள் இதில் சேர முடியுமா? எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு நல்லது? (பெயர் வேண்டாம், அருப்புக்கோட்டை)

பதில்: தாராளமாகச் சேரலாம். எந்த இளநிலைப் பட்டம் வாங்கியவரையும் பெரும்பாலான கல்லூரிகள் எடுத்துக்கொள்கின்றன. இரண்டு வருடப் படிப்பு.

அப்பாவுக்கு ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள். நான் மருத்துவமனையில் சமூகப் பணியாளராக இருந்தபோது, பனியன் கம்பெனியில் வேலை பார்த்த ஒரு பையன் காசநோய் மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்தான். குறைந்தது ஆறு மாதம் சாப்பிட வேண்டிய மருந்து. இருமலும் காய்ச்சலும் சீக்கிரமே விட்டுவிடுவதால் நடுவில் நிறுத்துகிறவர்கள் நிறைய உண்டு. இவனும் அப்படித்தான் என்று வார்டில் எல்லோரும் திட்டினார்கள். உட்கார வைத்து, அவசரப்படாமல் பேசவிட்டபோதுதான் காரணம் வந்தது. ரிஃபாம்பிசின் மாத்திரையால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். ஒரே அறையில் தங்கியிருந்த பையன்கள் அதைப் பார்த்துவிட்டு, “என்னடா வியாதி?” என்று கேட்டிருக்கிறார்கள். அறையும் போய் வேலையும் போய்விடுமோ என்று பயந்து நிறுத்திவிட்டான். அந்த நிறத்தால் கெடுதல் இல்லை என்று புரியவைத்தோம். அவன் சம்மதத்தோடு அக்காவை வரவழைத்துப் பேசி, அவர் வீட்டில் தங்க வைத்தோம். ஷிஃப்ட் முடிந்து போகிற வழியில் உள்ள சுகாதார நிலையத்துக்குச் சிகிச்சையை மாற்றினோம். மருந்தை முடித்தான்.

இரக்கம் இருந்த எல்லோரும் அவனுக்குப் பழம் வாங்கிக் கொடுத்தார்கள். காரணத்தைக் கேட்கவும், கேட்டதை வெளியே சொல்லாமல் காக்கவும், குடும்பத்தையும் அரசு ஏற்பாட்டையும் சேர்த்துப் பிடிக்கவும் எனக்குச் சொல்லிக்கொடுத்தது படிப்புதான்.

அந்தப் படிப்பில் பாதி வகுப்பறைக்கு வெளியே நடக்கிறது. அதனால்தான் கல்லூரியின் பெயரைவிடக் களப்பணியைப் பாருங்கள் என்கிறேன். பொதுவாக வாரத்தில் இரண்டு நாள் மருத்துவமனை, குழந்தைகள் இல்லம், கிராமம் என்று எங்காவது அனுப்புவார்கள். சேருவதற்கு முன் இரண்டாம் வருட மாணவிகளிடம் விசாரியுங்கள். போன இடத்தில் வழிகாட்ட ஆள் இருந்தாரா, பதிவேடு எடுத்துக் கொடுக்கும் எடுபிடியாக வைத்திருந்தார்களா? எழுதிக் கொடுக்கும் களப்பணி அறிக்கையைப் பேராசிரியர் படித்துவிட்டு வாரா வாரம் தனியாக உட்கார்ந்து பேசுகிறாரா? இதற்கு ‘ஆமாம்’ என்று பதில் வராத இடத்தில் கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் சேராதீர்கள். மேரி கிளப்வாலா ஜாதவ் 1952இல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க் சென்னை எழும்பூரில் இருக்கிறது. உங்களுக்குப் பக்கத்திலேயே மதுரையிலும் இந்தப் படிப்பு உண்டு. எங்கே போனாலும் இதே கேள்விகளைக் கேளுங்கள்.

பிரிவைப் பற்றி: பி.காம். என்றதும் மனிதவளத்துக்குத் தள்ளுவார்கள். 500 தொழிலாளர்களோ அதற்கு மேலோ உள்ள ஆலையில் நல அலுவலர் வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டம் வைத்திருந்ததால் அந்த வழி பழகிய வழி, சம்பளமும் பரவாயில்லை. ஆனால் முகாமில் பார்த்த மக்கள்தான் உங்களை இழுக்கிறார்கள் என்றால் மருத்துவம்-மனநலம் அல்லது சமுதாய வளர்ச்சிப் பிரிவை எடுங்கள். மனநல மருத்துவமனையில் சமூகப் பணியாளராக வேண்டுமானால் இது மட்டும் போதாது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் எம்.எஸ்.டபிள்யூ.வுக்கு மேல் இரண்டு வருட எம்.ஃபில். பயிற்சியும் கேட்கிறது.

சம்பள விஷயத்தில் அப்பாவின் கவலை நியாயமானது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு போன்ற இடங்களில் பல பணிகள் ஒப்பந்தம், தொகுப்பூதியம்தான். குழந்தைத் திருமணம் என்று குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குத் தகவல் வந்தால் நேரம் பார்க்காமல் ஓடுகிறவர்களுக்கு நாம் கொடுப்பது அவ்வளவுதான் என்பது எனக்கு ஆறாத கோபம். வீட்டில் இதை மறைக்காமல் பேசிவிட்டுச் சேருங்கள்.

கேள்வி: அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன், வயது 38. பட்டம் இருக்கிறது. தபால் வழியில் எம்.எஸ்.டபிள்யூ. படிக்கலாமா? (வாசகி, மணப்பாறை)

பதில்: படிக்கலாம். இக்னோ என்கிற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அதிலும் களப்பணி கட்டாயம், ஒரு மேற்பார்வையாளரின் கீழ் செய்து அறிக்கை தர வேண்டும். அங்கன்வாடி நேரம் போக மிச்ச நேரத்தில் எந்த அமைப்பில் அதைச் செய்யலாம் என்பதைப் படிப்பு மையத்தில் பேசி முடித்துவிட்டு, அப்புறம் பணம் கட்டுங்கள்.