சினிமாவில் வரும் ஆடு, நாய் எல்லாம் சொன்னபடி எப்படி நடிக்கின்றன?

நான் விலங்குகளைப் பழக்குகிற ஆள் இல்லை. யாழ்ப்பாணத்துப் பெடியள் சிலர் எடுத்த குறும்படத்துக்கு, அளவெட்டியில் இருக்கும் என் மாமியின் ஆட்டுக்குட்டியைக் கேட்டு வாங்கிக் கொடுத்தவன், அவ்வளவுதான். ஆனால் படப்பிடிப்பு நடந்த மூன்று நாளும் கூடவே நின்றேன்.

காட்சி சின்னது. படலையடியில் நிற்கும் சிறுமியிடம் குட்டி ஓடி வரவேண்டும். சிறுமி கூப்பிட்டாள், இயக்குநர் கூப்பிட்டார், பிஸ்கட்டும் காட்டினார்கள். குட்டி வேலியை மணந்துகொண்டு நின்றது. திண்ணையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த மாமி, "தம்பி, அதுக்கு உங்கட பாஷை விளங்காது" என்று எழும்பி வந்தார். சிறுமிக்குப் பின்னால், படலைக்கு மறைவில் நின்று பூவரசங்கொப்பு ஒன்றை முறித்தார். படக். குட்டி நாலுகால் பாய்ச்சலில் வந்தது. குழை கடிக்கத் தொடங்கிய நாளிலிருந்து அது கேட்டுப் பழகிய சத்தம். அந்தச் சத்தம் கேட்டால் பின்னால் சாப்பாடு வரும். பயிற்சியாளர்கள் கைக்குள் வைத்திருக்கும் கிளிக்கரும் இதே சங்கதிதான்: சரியாகச் செய்த கணத்தில் ஒரு 'டிக்', உடனே தீனி. மாமியிடம் கிளிக்கர் மரத்தில் காய்க்கிறது.

அடுத்த கரைச்சல், காட்சி தொடங்கும்போது கமராவுக்கு முன்னால் பிடித்து 'டக்' என்று அடிக்கும் கிளாப் பலகை. முதல் அடிக்கே குட்டி கயிற்றையும் இழுத்துக்கொண்டு கொட்டிலுக்குள் போய்விட்டது. ஒலிப்பதிவு செய்த பெடியன்தான் வழி சொன்னான்: காட்சி முடிந்தபிறகு பலகையைத் தலைகீழாகப் பிடித்து அடித்தால் போதும். விலங்குகளும் கைக்குழந்தைகளும் வரும் காட்சிகளில் அப்படிச் செய்வது வழக்கம்.

மூன்றாம் நாள் வேலை மழையால் ஐந்து வாரம் தள்ளிப்போனது. திரும்பிப் போனால் குட்டிக்குக் கொம்பு முளைவிட்டிருக்கிறது. இயக்குநர் தலையில் கை வைத்துவிட்டார். கடைசியில் இன்னொரு ஆட்டின் குட்டியைப் பிடித்து, காதில் கரி பூசி ஒப்பேற்றினோம். இது ஊர்ப் படத்துக்கு மட்டும் வரும் தொல்லை என்று நினைக்கவேண்டாம். 1995இல் வந்த 'பேப்' படத்தில் ஒரு பன்றிக்குட்டியாக 48 குட்டிகள் நடித்தன, அவை அவ்வளவு வேகமாக வளர்வதால். 1943இல் வந்த 'லாஸி கம் ஹோம்' படத்தில் லாஸி என்ற பெண் நாயாக நடித்தது 'பால்' (Pal) என்ற ஆண் நாய். ரட் வெதர்வாக்ஸ் என்ற பயிற்சியாளர் பழக்கியது. இதைச் சொன்னபோது மாமி, "அப்ப நாங்கள் கரி மட்டும் பூசினது பரவாயில்லை" என்றார்.

தமிழில் இந்த விஷயத்துக்குத் தயாரிப்பாளர் சாண்டோ சின்னப்பா தேவரை விட்டால் ஆள் இல்லை. 1971இல் இந்தியில் 'ஹாத்தி மேரே சாத்தி', அடுத்த ஆண்டே தமிழில் 'நல்ல நேரம்', இரண்டிலும் யானைகள். யானைப் படம் பார்க்கும்போது கதாநாயகனை விட்டுவிட்டு, பாகன் எந்தப் பக்கம் நிற்பான் என்று தேடிப் பாருங்கள். யானையின் காதும் கண்ணும் காட்டிக்கொடுத்துவிடும்.

அடித்துப் பழக்குகிறார்களா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அப்படியும் நடந்திருக்கிறது, அதனால்தான் சட்டங்கள் வந்தன. இந்தியாவில் 2001ஆம் ஆண்டு விதிகளின்படி படத்தில் பயன்படுத்தும் விலங்கைப் பதிவு செய்யவேண்டும். இலங்கையில் மிருகவதைக்கு எதிரான சட்டம் 1907இல் வந்தது. அதில் எழுதியிருந்த உச்சத் தண்டம் 100 ரூபாய். இன்றைக்கு அந்தக் காசுக்கு ஒரு தேத்தண்ணி குடிக்கலாம்.

சரி, படம் ஒருவழியாக முடிந்து திரையிட்டார்கள். பெயர்கள் ஓடும்போது குட்டியின் பெயர் வந்தது, மாமியின் பெயர் வரவில்லை. எனக்குத்தான் கோபம். மாமி கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அந்தப் படலைக் காட்சி வந்தபோது என் கையைத் தட்டி, "பார், அது பிள்ளையைப் பார்க்கேல்லை" என்றார். உண்மைதான். குட்டியின் கண் சிறுமியின் தோளுக்கு மேலால், படலை மறைவில் மாமி நின்ற இடத்திலேயே இருந்தது.